கிண்ணம் வந்த கரையும் ஊசி வந்த வழியும்

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைக் கடலைக் கடந்து, அல்லைப்பிட்டியைத் தாண்டி மேற்கே செல்லும் வீதி வேலணைக்குள் நுழைந்த பின்னர், வேலணைத் தீவின் தெற்குக் கரையில் சாட்டி என்னும் சிற்றூர் அமைந்திருக்கிறது. வெண்மணற் கடற்கரையும் சிந்தாத்திரை மாதா ஆலயமும் வெளியூராருக்கு இவ்வூரை அறிமுகப்படுத்துவன. தீவக மக்களுக்கோ சாட்டி என்றவுடன் முதலில் நினைவுக்கு வருவது அதன் நல்ல தண்ணீர்க் கிணறுகளே. மணலுக்கடியில் மழைநீர் உவர்நீரின் மேல் மெல்லிய படையாகத் தங்கி நிற்பதால், கூப்பிடு தூரத்தில் கடல் இருந்தும் இங்கே குடிதண்ணீர் கிடைக்கிறது. அத்தண்ணீரை நம்பி அயல் தீவுகளும் வாழ்ந்து வந்திருக்கின்றன. கடலோடிகள் தண்ணீருக்காகவேனும் அணுகவேண்டியிருந்த இத்தகைய கரைகள் பண்டைக்காலத்தில் உலகத்தோடு நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தன என்பதும், அத்தொடர்பின் வழியே பண்டங்கள் பல வந்திறங்கியும் மருத்துவ அறிவு ஒன்று மட்டும் ஏறத்தாழத் தொள்ளாயிரம் ஆண்டுகள் வராமலே இருந்தது என்பதும் தனித்து ஆராயத்தக்கவை. அந்த அறிவு சீனரின் ஊசி மருத்துவம், அதாவது இன்று அக்குபங்சர் என்று வழங்கும் முறை. அது இக்கரையோர மக்களின் நோவுக்கு, குறிப்பாகத் தோள்மூட்டு நோவுக்கும் தோளில் சத்திரசிகிச்சை செய்துகொண்டோரின் தேறுதலுக்கும், எவ்வழியாக வந்து சேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

சாட்டி அமைந்துள்ள அதே தீவின் கிழக்கு முனையில் இருக்கும் அல்லைப்பிட்டியில், 1977ஆம் ஆண்டு மணலுக்கடியிலிருந்து சீன மட்பாண்டங்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. ஜோன் கார்ஸ்வெல் முதலிய ஆய்வாளர்கள் அவற்றை 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கும் 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதிக்கும் உரியனவாக, அதாவது சீனத்தில் வட சொங் அரசமரபு ஆண்ட காலத்தனவாகக் கணித்தனர். 2018ஆம் ஆண்டில் ஷாங்காய் அருங்காட்சியகத்தின் அகழ்வாய்வாளர்கள் இலங்கை அறிஞருடன் சேர்ந்து அங்கே மீண்டும் தோண்டியபோது, அறுநூறுக்கும் மேற்பட்ட சீன ஓட்டுத் துண்டுகள் கிடைத்தன. இவை தற்செயலாகக் கரையொதுங்கியவை அல்ல என்பதற்கு நயினாதீவிலுள்ள தமிழ்க் கல்வெட்டே சான்று. இலங்கை அரசன் முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணையாக 12ஆம் நூற்றாண்டில் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டு, பரதேசிகள் ஊராத்துறைக்கு வந்து இறங்கவேண்டும் என்றும் அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்படும் என்றும் கூறுவதோடு, கப்பல் உடைந்தால் சரக்கில் யாருக்கு எவ்வளவு என்பதையும் வகுத்துரைக்கிறது. யானை, குதிரை கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் நாலில் ஒன்று பண்டாரத்துக்கும் எஞ்சிய மூன்று பங்கு உடையவனுக்கும் உரியன. வேறு பண்டம் ஏற்றிய மரக்கலமாயின் சரிபாதி. ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்துறையே. அரசன் சட்டம் வகுக்கும் அளவுக்கு அக்கரையில் போக்குவரத்து மிகுந்திருந்தது.

அந்தச் சொங் அரசமரபின் காலமே சீன ஊசி மருத்துவம் ஒழுங்குபட்ட கல்வியாக நிலைபெற்ற காலமும் ஆகும். உடலெங்கும் கண்ணுக்குப் புலப்படாத நாளங்களின் வழியே உயிராற்றல் ஓடுகிறது, அவ்வோட்டம் தடைப்படும் இடத்தில் நோவு பிறக்கிறது, நாளங்களின் மேலுள்ள குறித்த புள்ளிகளில் மெல்லிய ஊசியைச் செருகினால் தடை நீங்குகிறது என்பது அம்மருத்துவத்தின் பழைய விளக்கம். கிறிஸ்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளில் தொகுக்கப்பட்ட மஞ்சட் பேரரசரின் மருத்துவ நூல் அதன் அடிப்படை. ஆயினும் ஓர் ஆசிரியர் காட்டிய புள்ளிக்கும் மற்றோர் ஆசிரியர் காட்டிய புள்ளிக்கும் இடையே வேறுபாடு மலிந்திருந்தமையால், வாங் வெய்யி என்னும் அரண்மனை மருத்துவர் 1027ஆம் ஆண்டளவில் ஆளுயர வெண்கல உருவங்கள் இரண்டை வார்ப்பித்தார். உருவத்தின் மேல் புள்ளிகள் தோறும் சிறு துளை இருந்தது. தேர்வு நாளில் துளைகள் தெரியாதவாறு மேலே மெழுகு பூசி உள்ளே நீரை நிரப்பி நிறுத்துவர். மாணவன் ஊசியைச் சரியான இடத்தில் குத்தினால் நீர் கசியும், பிழைத்தால் ஊசி வெண்கலத்தில் முட்டி நிற்கும். தோளின் முனையில், கையை உயர்த்தும்போது எலும்பின் முன்புறம் குழி விழும் இடத்திலுள்ள ஜியன்யூ என்னும் புள்ளியும் இத்தகைய துளைகளுள் ஒன்று. அந்த வெண்கல மனிதர் தலைநகரில் நின்ற காலத்திலேயே குவாங்டொங், ஃபூஜியன் சூளைகளில் சுடப்பட்ட கிண்ணங்கள் அல்லைப்பிட்டிக் கரையில் இறங்கிக்கொண்டிருந்தன.

பின்னர், மிங் காலத்தில், சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோவின் பெருங்கப்பற்படை இலங்கைக்கு வந்தது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளிலும் 1409ஆம் ஆண்டுத் தேதியிட்டுப் பொறித்து அவர் கொணர்ந்த கல் காலியில் கண்டெடுக்கப்பட்டது; அதன் தமிழ்ப் பகுதி தெனவரை நாயனார் என்னும் தெய்வத்துக்கு அளித்த காணிக்கைகளைப் பட்டியலிடுகிறது. அப்படையில் மருத்துவர்களும் பயணம் செய்தனர். எனினும் அவர்களது ஊசி இங்கே ஒருவர் கையிலும் தங்கவில்லை. கிண்ணத்தை விலை கொடுத்து வாங்கியவன் அதை அன்றே பயன்படுத்தலாம். ஊசியை வாங்கியவனுக்கோ பல ஆண்டுகள் பக்கத்திலிருந்து விரலைப் பிடித்துக் காட்டித்தரும் ஆசிரியர் வேண்டும். பருவக்காற்று மாறியதும் பாய் விரித்துத் திரும்பும் கப்பல் அத்தகைய ஆசிரியரை விட்டுச் செல்வதில்லை.

மேலும், ஊசியை வேண்டி நிற்கும் வெற்றிடம் இங்கே இருக்கவுமில்லை. தீவகத்தார் தோளைப் போற்றியும் வருத்தியும் வாழ்ந்தவர்கள். வேலணையில் புகையிலைத் தோட்டத்துக்கு நீரிறைத்தது துலா. ஒருவர் உயரத்தில் துலா மரத்தின் மேல் முன்னும் பின்னுமாக நடந்து மிதிக்க, கீழே கிணற்றடியில் நிற்பவர் கொடியைப் பற்றிப் பட்டையை இறக்கி, நிரம்பியதும் ஏற்றி, வாய்க்காலுக்குள் கவிழ்ப்பார். விடியற்புறத்தில் தொடங்கி வெயில் ஏறும்வரை இதே அசைவு நூற்றுக்கணக்கான தடவை நிகழும். பனையேறிச் சீவுவோர் உடற்பாரத்தைக் கையிலும் தளைநாரிலும் தாங்கினர்; ஆழமற்ற பரவைக்கடலில் வள்ளத்தை மரக்கோலால் ஊன்றித் தள்ளுவோரும் கரைவலை இழுப்போரும் தோளாலேயே பிழைத்தனர். தோள்மூட்டு ஆழமற்ற ஒரு கிண்ணத்தில் பெரிய பந்தொன்றை வைத்து, தசைநாண்களால் சுற்றிக் கட்டியது போன்ற அமைப்புடையது. எல்லாத் திசையிலும் சுழலும் வசதிக்காக உறுதியை விட்டுக்கொடுத்த மூட்டு அது. எனவே கழன்றுபோவதும், நாண் தேய்ந்து கிழிவதும், நடுவயதில் இறுகிப்போய்க் கை தூக்க ஏலாமற் போவதும் உழைப்பாளிகள் மலிந்த ஊர்களில் அன்றாடச் செய்திகள்.

இவற்றுக்கு ஊர்ப் பரியாரியாரிடம் விடை இருந்தது. யாழ்ப்பாண அரசர் காலத்து மருத்துவ மரபைத் தாங்கி நிற்கும் ‘செகராசசேகரம்’, ‘பரராசசேகரம்’ ஆகிய நூல்கள் ஏடுகளாக வைத்தியக் குடும்பங்களில் பேணப்பட்டு, 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளையின் உழைப்பால் அச்சேறின. சித்த மருத்துவம் உள்மருந்து முப்பத்திரண்டு, புறமருந்து முப்பத்திரண்டு என வகுப்பது. கட்டு, பற்று, ஒற்றடம், வேது, தொக்கணம், சுட்டிகை முதலியன புறமருந்துகளுள் அடங்கும். தொக்கணம் என்பது எண்ணெயிட்டோ இடாமலோ தசையைப் பிடித்தும் அழுத்தியும் நீவியும் விடுவது. சுட்டிகை என்பது குறித்த இடத்தில் சூடு இடுவது. கழன்ற தோளை இழுத்துப் பொருத்திய பின், உழுத்தம்மாவையும் முட்டை வெள்ளைக்கருவையும் குழைத்துப் பற்றிட்டு, துணி சுற்றி, கையை மார்போடு சேர்த்துக் கட்டி வைப்பதும், முறிவாயின் மூங்கிற் பத்தை வைத்துக் கட்டுவதும், கட்டவிழ்த்த பின் நொச்சி இலையும் ஆமணக்கிலையும் வதக்கிப் பொட்டலமாக்கி ஒத்தணம் கொடுப்பதும் முறிவு வைத்தியர்களின் கைவழக்கம். சூடான பொட்டலத்தைத் தம் புறங்கையில் வைத்துப் பார்த்த பின்னரே நோயாளியின் தோளில் வைக்கும் அந்தச் சிறு செயல், எந்த ஏட்டிலும் எழுதாமல் கைமாறி வந்த அறிவு.

ஊசியை விலக்கி நிறுத்திய இன்னொரு காரணம் இன்னும் ஆழமானது. தென்னாசிய மருத்துவமும் உடலில் புள்ளிகளை அறிந்திருந்தது. ஆனால் அவற்றின் பொருள் வேறு. சுசுருதரின் வடமொழி நூல் 107 மர்மங்களைக் கணக்கிடுகிறது. கழுத்துக்கும் மேற்கைக்கும் இடையில் அம்சம் என்னும் மர்மம் உண்டென்றும், அங்கே அடிபட்டால் கை விறைத்து அசைவற்றுப்போகும் என்றும், தோட்பட்டையில் உள்ள அம்சபலகம் தாக்குண்டால் கை உணர்விழந்து சூம்பும் என்றும் அது விளக்குகிறது. இவை கத்தி வைப்போன் தவிர்க்கவேண்டிய இடங்களாகவே கற்பிக்கப்பட்டன. தமிழ் மரபின் வர்மக்கலையோ புள்ளிகளை 108 என்று கொண்டு, அடிபட்டுத் தடைப்பட்ட வர்மத்தை விரலால் தட்டியும் தடவியும் அழுத்தியும் இளக்கும் முறையை வளர்த்தது. தோளருகிலுள்ள காக்கட்டைக் காலம் அவ்வாறு கையாளப்படும் இடங்களுள் ஒன்று. சீனர் எந்த இடத்தைத் துளைக்கலாம் என்று தேடியபோது, இப்பக்கத்தார் எந்த இடத்தைத் துளைக்கக்கூடாது என்று தேடினர் என்றால் அது மிகையாகாது. சிங்கள மரபில் குத்துதலும் சுடுதலும் சேர்ந்த ஒரு சிகிச்சை முறை இருந்ததையும், யானைப்பாகர் அங்குசத்தால் தொட்டுப் பணியவைக்கும் ‘நில’ என்னும் புள்ளிகளையும் எடுத்துக்காட்டி, ஊசி மருத்துவம் இலங்கையிலேயே பிறந்தது என்று வாதிடுவோர் உண்டு. ஊர்காவற்துறை யானை ஏற்றிய துறைமுகமாதலால், அப்புள்ளிகளை அறிந்த பாகர்கள் தீவகத்தின் வழியே நூற்றாண்டுக் கணக்கில் நடந்திருப்பர் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒத்த கருத்து இரு நாடுகளில் காணப்படுவது ஒன்றிலிருந்து மற்றது பிறந்தது என்பதற்குச் சான்றாகாது. உடலைத் தொட்டு வேலை செய்யும் எவரும், சில இடங்கள் மற்றவற்றைவிடக் கூரிய உணர்வுடையன என்பதைத் தாமாகவே கண்டுகொள்வர்.

1658இல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், தீவுகளுக்குத் தம் நாட்டு ஊர்களின் பெயர்களைச் சூட்டினர். நெடுந்தீவு டெல்ஃப்ட் ஆயிற்று; நயினாதீவு ஹார்லெம், புங்குடுதீவு மிடில்பர்க், காரைதீவு அம்ஸ்ரர்டாம் என்றாயின; சாட்டியைத் தன்னகத்தே கொண்ட வேலணைத் தீவு லெய்டன் ஆயிற்று. இப்பெயரில் ஒரு வியப்பான பொருத்தம் பொதிந்திருக்கிறது. லெய்டன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் கற்ற வில்லெம் தென் ரைன் என்பவர், இலங்கையின் கரையோரங்களை ஆண்ட அதே ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் மருத்துவராக 1674 முதல் 1676 வரை யப்பானின் தெஜிமாத் தீவில் பணியாற்றி, அங்கே பொன்னூசியையும் வெள்ளியூசியையும் சிறு சுத்தியலால் தட்டி இறக்கும் முறையைக் கண்டு, 1683இல் லண்டனில் வெளியான தமது இலத்தீன் நூலில் அதற்கு ‘அக்குபங்சூரா’ என்று பெயரிட்டார். ஊசி என்றும் குத்துதல் என்றும் பொருள்படும் இரு இலத்தீன் சொற்களின் கூட்டு அது. இன்று சாட்டியில் எவரும் அக்குபங்சர் என்று சொல்லும்போது உச்சரிப்பது அந்தக் கம்பனி மருத்துவரின் சொல்லைத்தான். கம்பனி யப்பானுக்கும் ஊர்காவற்துறைக்கும் ஒரே காலத்தில் கப்பல் விட்டும், யப்பானிய ஊசியைப் பற்றிய செய்தி ஐரோப்பாவின் அச்சகத்துக்குப் போனதேயன்றி யாழ்ப்பாணத்துத் தோளுக்கு வரவில்லை. கம்பனிக்கு இங்கே வேண்டியிருந்தவை யானையும் சாயவேரும் புகையிலையும்.

19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்துக்கு வந்த அயல் மருத்துவம் முற்றிலும் வேறு திசையிலிருந்து வந்தது. அமெரிக்க மிசனைச் சேர்ந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் இலங்கை வந்து மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தி, தமிழ் மாணவர்களை மேலைமுறை மருத்துவர்களாகப் பயிற்றினார். கற்பிக்கும் மொழி தமிழாகவே இருக்கவேண்டும் என்ற உறுதி அவரிடம் நாளடைவில் வலுப்பட்டது. அதன் விளைவாக அங்காதிபாதம், இரண வைத்தியம், பிரசவ வைத்தியம், கெமிஸ்தம் எனத் தமிழில் மருத்துவ நூல்கள் அடுத்தடுத்து வந்தன. உடலைத் திறந்து, எலும்பையும் நாணையும் நரம்பையும் தனித்தனியே பெயர் சொல்லிக் காட்டும் கல்வி தமிழில் கிடைத்தது அதுவே முதன்முறை. இன்று தீவக நோயாளி ஒருவர் தோளில் சத்திரசிகிச்சை செய்துகொள்வதற்குப் பின்னாலுள்ள கல்வி வரலாறு இந்நாட்டில் அங்கிருந்தே தொடங்குகிறது. கிறீன் பிறந்த 1822ஆம் ஆண்டிலேயே, சீனத்துத் தாவ்குவாங் பேரரசர், ஊசி மருத்துவம் அரசர் உடலுக்கு ஒவ்வாதது என்று கூறி, அரண்மனை மருத்துவக் கல்லூரியில் அதைக் கற்பிப்பதைத் தடை செய்தார். தன் சொந்த நாட்டில் மங்கத் தொடங்கிய கலை பிறநாட்டில் வேரூன்றுவது எவ்வாறு? 1850இல் அரசாங்க அதிபர் டைக்கின் முயற்சியால் யாழ்ப்பாணத்தில் வைத்தியசாலை எழுந்த பின்னர், முறிந்த கையோடு கடல் கடந்து வந்த தீவகத்தாருக்குப் பரியாரியார், பெரியாஸ்பத்திரி என்னும் இரண்டு வழிகளே இருந்தன. மூன்றாவது வழி பிறப்பதற்கு இன்னொரு நூற்றாண்டுக்கு மேல் சென்றது.

அந்த மூன்றாவது வழி அரசியலால் திறந்தது. 1929இல் பழைய மருத்துவத்தையே ஒழித்துவிட முயன்ற சீனம், 1950களில் பொதுவுடைமை அரசின்கீழ் அதைப் பல்கலைக்கழகக் கல்வியாக மீட்டெடுத்தது. 1938இல் சீனத்துக்குச் சென்ற இந்திய மருத்துவக் குழுவில் துவாரகாநாத் கோட்னிசுடன் பணியாற்றிய விஜய் குமார் பாசு, பின்னர் மீண்டும் சீனம் சென்று ஊசி முறையைக் கற்று, 1959இல் கல்கத்தாவில் அதைத் தொடங்கியதே இந்தியாவில் அதன் தோற்றமாகக் கருதப்படுகிறது. இலங்கையோ 1952இல் அரிசிக்கு இறப்பர் கொடுக்கும் ஒப்பந்தத்தால் சீனத்தோடு நெருங்கி, 1957இல் அரசுறவு கொண்டது. 1970களில் இலங்கை மருத்துவர்கள் சீனம் சென்று திரும்பினர். அவர்களுள் மூட்டு நோய் நிபுணரான அன்ரன் ஜயசூரிய, கொழும்பு தெற்கு வைத்தியசாலை எனப்படும் களுபோவில வைத்தியசாலையில் அக்குபங்சர் சிகிச்சைப் பிரிவை நடத்தி, அயல்நாட்டு மருத்துவர் பலரும் வந்து கற்கும் இடமாக அதை ஆக்கினார். ஒரே கூடத்தில் வரிசையாக அமர்ந்திருக்கும் எளிய மக்களுக்கு, கட்டணமின்றி, நாள்தோறும் ஊசியிடும் அரச வைத்தியசாலைக் காட்சி அது. மேலைநாடுகளில் அதே சிகிச்சை வசதி படைத்தோருக்கான தனிமருத்துவமாக வளர்ந்துகொண்டிருந்தது. கிண்ணங்களைப் போல் ஊர்காவற்துறைக்கு நேரே வராமல், பீக்கிங்கிலிருந்து கொழும்புக்கும் கொழும்பிலிருந்து பயிற்சி பெற்ற மருத்துவர் வழியே வடக்குக்கும் ஊசி வந்தது இவ்வாறே. கப்பல் விட்டுச் செல்லாத ஆசிரியரை அரச வைத்தியசாலை கொடுத்தது.

உலகின் கவனத்தை இக்கலையின் மேல் திருப்பியதும் சத்திரசிகிச்சைக்குப் பிந்திய நோவுதான் என்பது நினைவுகூரத்தக்கது. 1971 சூலையில் பீக்கிங்கில் இருந்த ‘நியூயோர்க் ரைம்ஸ்’ பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்ரனுக்குக் குடல்வால் சத்திரசிகிச்சை நடந்தது. அதற்குக் கொடுக்கப்பட்டது வழக்கமான மரப்பு ஊசியே. மறுநாள் இரவு வயிற்றில் எழுந்த உபாதைக்கு முழங்கையிலும் முழங்காலுக்குக் கீழும் ஊசிகள் இடப்பட்டன. ஒரு மணி நேரத்துக்குள் ஆறுதல் கிடைத்ததாக அவர் எழுதினார். ஊசியால் மயக்கி அறுத்தார்கள் என்று பின்னர் பரவிய கதை தவறு. 1975இல் உடலே சுரக்கும் அபின் போன்ற வலியடக்கிகள் கண்டுபிடிக்கப்பட்டதும், அவற்றைத் தடுக்கும் நலொக்சோன் என்ற மருந்தைக் கொடுத்தால் ஊசியின் வலியடக்கும் வலிமை குறைகிறது என்று 1977இல் ஒரு பரிசோதனை காட்டியதும், உயிராற்றல் நாளம் என்ற பழைய விளக்கத்தை ஏற்காத மருத்துவர்களையும் ஊசியைப் பற்றிச் சிந்திக்க வைத்தன.

இக்காலத்தைத் தொடர்ந்தே தீவகத்தின் துயரக்காலம் வந்தது. 1984இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சித்த மருத்துவ அலகு கைதடியில் தொடங்கி, பரியாரிக் குடும்பங்களின் அறிவு பட்டப்படிப்பாக மாறிய அதே தசாப்தத்தில் போர் மூண்டது. 1990களின் தொடக்கத்தில் தீவுகளில் வாழ்ந்தோரில் பெரும்பாலோர் இடம்பெயர்ந்தனர். கிணற்றடிகளைப் பற்றை மூடியது. சாட்டி மணலில் போரில் மாண்ட போராளிகளின் துயிலும் இல்லம் எழுந்தது. முறிவு வைத்தியரின் மகன் பாரிசிலோ ரொறன்ரோவிலோ சூரிச்சிலோ வேலைக்குப் போனான். தகப்பனின் கைப்பழக்கம் பல வீடுகளில் அத்தோடு நின்றது. இப்பிரதேசத்தின் மருத்துவ வரலாற்றில் இதைவிடப் பெரிய இழப்பு வேறில்லை. உணவகச் சமையலறையில் பாரம் தூக்கித் தோள் பழுதான தீவகத்தாருக்கு அங்கே கிடைத்த சிகிச்சைகளுள் அக்குபங்சரும் ஒன்று. சுவிட்சர்லாந்தில் மருத்துவர் இடும் ஊசிக்கான செலவை அடிப்படைக் காப்புறுதியே ஏற்கிறது. இவ்வாறு, மேற்கிலிருந்து சீனத்துக்குச் செல்லும் கடல்வழியின் இடையில் இருக்கும் வேலணையில் பிறந்தவர்கள், சீன ஊசியை முதன்முதலில் அல்ப்ஸ் மலையடிவாரத்தில் சந்தித்தனர்.

தோள் சத்திரசிகிச்சை இன்று பெரும்பாலும் சிறு துளைகளின் வழியே கமரா செலுத்திச் செய்யப்படுகிறது: கிழிந்த நாணை எலும்போடு தைப்பது, தோட்பட்டை முனை எலும்பின் அடிப்பக்கத்தைச் சீவி நாணுக்கு இடம் விடுவது, கழன்று கழன்று போகும் மூட்டை இறுக்குவது முதலியன அதன் வகைகள். துளை சிறிதாயினும் நோவு பெரிது. கழுத்தருகே நரம்புக் கற்றைக்கு இடும் மரப்பு ஊசி, முதல் பல மணி நேரம் கையை உணர்வற்றதாக்கி வைக்கிறது. அது தெளியும்போது, பெரும்பாலும் முதல் இரவில், நோவு ஒரேயடியாக மேலெழுகிறது. படுத்தால் கூடும், சாய்ந்து உட்கார்ந்தால் சற்றுத் தணியும். ஆதலால் பல நோயாளிகள் முதல் வாரத்தைச் சாய்மனைக் கதிரையிலேயே கழிக்கின்றனர். அபின் வகை மாத்திரைகள் நோவை அடக்கினாலும் குமட்டலையும் மலச்சிக்கலையும் மந்தத்தையும் தருகின்றன. ஊசிக்கு இடம் கிடைப்பது இங்கேதான். தலைமுடியைவிடச் சிறிதே தடித்த, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் உருக்கு ஊசிகளை, தைத்த காயத்தைத் தவிர்த்து, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலுள்ள ஹெகு, கணைக்காலின் முன்புறத்துத் தியாவ்கோ முதலிய தொலைப் புள்ளிகளிலும், காயம் ஆறிய பின் தோளைச் சுற்றியும் செருகி, ஏறத்தாழ அரைமணி நேரம் விட்டுவைப்பர். சிலர் அவற்றினூடு சிறு மின்னோட்டமும் செலுத்துவர்.

இதன் பயனை மிகைப்படுத்துவது நோயாளிக்குச் செய்யும் தீங்கு. இல்லையென்று தள்ளுவதும் நேர்மையன்று. தோட்பட்டை முனையைச் சீவும் சத்திரசிகிச்சை செய்துகொண்ட 35 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்து 2003இல் வெளியான ஆய்வில், உண்மையான ஊசி பெற்றோர் போலி ஊசி பெற்றோரைவிட நோவிலும் அசைவிலும் முன்னேற்றம் காட்டினர்; ஆனால் 35 என்பது மிகச் சிறிய தொகை. பலவகைச் சத்திரசிகிச்சைகளைப் பற்றிய 15 ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் வெளிவந்த மதிப்பீடு, ஊசி பெற்றோர் குறைந்த அளவு அபின் வகை மருந்தோடு சமாளித்தனர் என்றும் குமட்டலும் தலைச்சுற்றும் குறைந்தன என்றும் கண்டது. கிழிந்த நாணை ஊசி ஒட்டாது. இறுகிய மூட்டுறையை அது மட்டுமே தளர்த்திவிடாது. நோவை ஒரு படி இறக்கி, நித்திரையைத் தந்து, மறுநாட் பயிற்சிக்கு உடலை ஆயத்தப்படுத்துவதே அதன் பங்கு; அந்தப் பங்கு சிறிதாயினும் முதல் இரவைக் கடந்தவர் அதன் மதிப்பை அறிவர். தோளின் மேற்புறத்துப் புள்ளியில் ஊசி ஆழமாக இறங்கினால் நுரையீரலின் உறையைத் துளைத்துவிடக்கூடும் என்பதால், உடற்கூறு கற்காத கையிடம் தோளை ஒப்படைக்கக்கூடாது. மெழுகு பூசிய வெண்கல மனிதரில் தவறிய மாணவனுக்குத் தேர்வு மட்டுமே போயிற்று. இரத்தம் உறையாதிருக்க மருந்து எடுப்போரும் சலரோகம் உடையோரும் சத்திரசிகிச்சை நிபுணரிடம் கேட்ட பின்னரே ஊசிக்கு உடன்படவேண்டும்.

எஞ்சிய பெரும்பங்கு அசைவுக்கு உரியது. இங்கே பழைய கைவழக்கமும் இயன்மருத்துவமும் நெருங்கி வருகின்றன. தோளை மாதக்கணக்கில் மார்போடு கட்டி வைத்தது முறிவு வைத்தியத்தின் குறையாக இருந்தது என்றால், கட்டவிழ்த்த பின் இலை ஒத்தணத்தால் தசையை இளக்கிப் பின்னரே கையை மெல்ல அசைக்கச் செய்தது அதன் நிறைவு. நடுவயதில் தானாக இறுகும் தோளை ‘ஐம்பது வயதுத் தோள்’ என்று யப்பானியர் அழைப்பர். அதற்கு 1934இல் ‘உறைந்த தோள்’ என்று பெயரிட்ட பொஸ்ரன் சத்திரசிகிச்சை நிபுணர் எர்னஸ்ட் கொட்மனின் பெயரையே, சத்திரசிகிச்சைக்குப் பிந்திய முதல் பயிற்சியும் தாங்கியுள்ளது. மேசையையோ கிணற்றுக் கட்டையோ நல்ல கையால் பற்றி முன்னே சாய்ந்து, நோவுள்ள கையைக் கயிற்றில் தொங்கும் பட்டையைப் போலத் தளரவிட்டு, உடலை அசைத்து அக்கையைச் சிறு வட்டமாக ஆடவிடுவது அப்பயிற்சி. தைத்த நாண் பிடித்துவிட்டது என்று வைத்தியர் சொன்ன பின், சுவரை நோக்கி நின்று விரல்களை நண்டு போல ஒவ்வொன்றாக மேலே நடக்கவிட்டு, எட்டிய உயரத்தில் கரிக்கோடு ஒன்று இழுத்து வைப்பர். அடுத்த நாட் கோடு அதற்கு ஒரு விரற்கடை மேலே விழும்.